கபாலத்தைக் காணோம்! - காமெடி எழுத ஒரு பல்லவ ராஜாவின் டியூஷன்

காமெடி ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, தெரிந்த ஜோக்கையெல்லாம் ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி வைப்பது. கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் என்றாலும் சரி, குறும்படம் என்றாலும் சரி, இதே கதைதான். எட்டு ஜோக் சேர்ந்ததும் அவற்றை ஒட்டவைக்க நடுவில் கொஞ்சம் கதை தடவுவார்கள். மேடை ஏறினால் முதல் ஜோக்குக்கு நண்பர்கள் விசில் அடிப்பார்கள். மூன்றாவது ஜோக்குக்கு நண்பர்களே செல்போனை எடுத்துவிடுவார்கள். ஆறாவது ஜோக்கின்போது கரண்ட் போனால் நல்லது என்று நடிப்பவருக்கே தோன்றும்.

தப்பு ஜோக்கில் இல்லை. எழுத ஆரம்பித்த இடத்தில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க சிட்காம் புத்தகங்களையெல்லாம் தேடிப் போக வேண்டாம். காஞ்சிபுரத்திலேயே, காஞ்சிபுரத்தைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு காமெடி ஸ்கிரிப்ட் இருக்கிறது. வயது சுமார் 1400. எழுதியவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குத் தெரிந்தவர்தான். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் கோயில் குடைந்து, அதைக் கல்வெட்டிலும் பெருமையாக எழுதிவைத்த அதே ஆள். நாடகத்தின் பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. பிரகசனம் என்றால் சிரிப்பு நாடகம். ஒரே அங்கம். சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்தது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டிப் போனால் வரும் மாமண்டூர் குகையில், சிதைந்துபோன ஒரு கல்வெட்டில் இந்த நாடகத்தின் பெயர் வருகிறது. கேரளத்துச் சாக்கியார்கள் கூடியாட்டத்தில் இதை விடாமல் ஆடி வந்தார்கள். 1917ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சில் கொண்டுவந்தார். கோயிலும் பட்டும் தெரிந்த அளவுக்கு இந்த நாடகத்தை இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது தனிச் சோகம்.

(இந்த மகேந்திரவர்மரோடு சண்டைக்கு வந்தவர் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி. 2006ல் தமிழ் சினிமா ஒரு புலிகேசியை வைத்தே முழுநீளக் காமெடி எடுத்தது. சரித்திரத்துக்கும் டைமிங் உண்டு போல.)

கதைக்கு வருவோம்.

சத்தியசோமன் என்று ஒரு காபாலிகன். மண்டை ஓட்டைப் பிச்சைப் பாத்திரமாக வைத்திருக்கும் சைவத் துறவி. கூடவே தேவசோமா என்ற அவனுடைய துணைவி. இரண்டு பேரும் நல்ல போதை. காஞ்சி நகரத் தெருவில் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள். கள்ளுக்கடையில் பிச்சையாகக் கள் கிடைக்கிறது. வாங்கலாம் என்று பார்த்தால் கபாலத்தைக் காணோம்! வேறு வழியில்லாமல் ஒரு மாட்டுக் கொம்பில் வாங்கிக் குடித்துவிட்டுத் தேடுகிறார்கள். கபாலத்தில் வறுத்த இறைச்சி இருந்ததே, அப்படியானால் ஒன்று நாய் தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு புத்த பிக்கு தூக்கியிருக்க வேண்டும் என்று காபாலிகன் முடிவு கட்டுகிறான். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு வருகிறான். வணிகர் வீட்டில் கிடைத்த மீனும் இறைச்சியும் பாத்திரத்தில் இருக்கிறது, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அதை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு! போதாதா? பிடி சண்டை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வருகிறான். எதுவும் தீரவில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேருகிறான். முடிந்தது.

இவ்வளவுதான் கதை. மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இதில் ஒரு 'ஜோக்' சொல்லுங்கள் என்று கேட்டால் எதையும் தனியாக உருவி எடுக்க முடியாது. செங்கல் இல்லாமல் கோயில் கட்டியவர், ஜோக் இல்லாமல் காமெடி கட்டியிருக்கிறார்.

எப்படி? ஒருத்தனுக்கு ஒரு பொருள் தொலைந்துபோய்விட்டது. அவனுக்கு அது உயிர். நமக்கு அது வெறும் மண்டை ஓடு. அவன் பார்வைக்கும் நம் பார்வைக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. கபாலம் போனால் அவன் துறவே போச்சு. பாத்திரம் இல்லாமல் அவன் யார்? வெறும் குடிகாரன். அதனால்தான் அந்தப் பதைப்பு. இந்த நாடகத்தில் யாரும் சிரிக்க வைக்க முயற்சி செய்வதில்லை. எல்லாரும் பயங்கர சீரியஸாக இருக்கிறார்கள்.

இதையே 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தோடு வைத்துப் பாருங்கள். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டு வருகிறார். இன்னொன்று எங்கே என்றால், கையில் இருக்கும் இதுதான் அந்த இன்னொன்று என்கிறார். முப்பது வருடம் தாண்டியும் ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சீன். அதில் தொலைந்தது ஒரு வாழைப்பழம். கவுண்டமணி அதைப் 'போனால் போகுது' என்று விட்டிருந்தால் சீனே இல்லை. அவர் விடமாட்டார். கொடுத்த காசுக்கு நியாயம் வேண்டும் அவருக்கு. செந்திலும் ஏமாற்றுகிற முகத்தோடு சொல்வதில்லை. தன் கணக்கு சரி என்றே நம்புகிற முகம். இரண்டு நியாயஸ்தர்கள், ஒரு வாழைப்பழம்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பார்த்தவர்களுக்கு கிரேஸி மோகன் என்றதும் வார்த்தை விளையாட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கல்யாண சமையல் சீனில் சிரிப்புக்கு அஸ்திவாரம் வார்த்தை இல்லை, சாம்பாரில் விழுந்த மீன். காமேஸ்வரனுக்குத் தொழில் சமையல், அதுவும் சுத்த சைவச் சமையல். மீன் வெளியே வந்தால் மானம் போகும். அவ்வளவு பயத்தில் இருக்கிற ஒருவன் வாயிலிருந்து எந்த வார்த்தை வந்தாலும் சிரிப்பு வரும். கிரேஸியைப் பார்த்து எழுத ஆரம்பிக்கும் புதுப் பசங்க வார்த்தையை மட்டும் காப்பி அடிக்கிறார்கள், மீனை விட்டுவிடுகிறார்கள். 1976ல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தில் தொடங்கி 2019ல் மறையும்வரை அவர் எழுதியதில் ஆள்மாறாட்டமும் பொய்யும்தான் எலும்பு. வார்த்தையெல்லாம் மேலே வந்த சதை.

ஆகவே எழுத உட்காரும்போது முதல் கேள்வி, 'என்ன ஜோக்' என்பது அல்ல. 'யாருக்கு என்ன தொலைந்தது, அது அவனுக்கு ஏன் உயிர்' என்பதுதான். இதற்குப் பதில் கிடைக்கிற வரை பேனாவை மூடி வைப்பது உத்தமம்.

இரண்டாவது விஷயம் பாத்திரங்கள். மகேந்திரவர்மர் செய்திருப்பது ரொம்ப எளிமையான வேலை. ஒவ்வொருவனுக்கும் ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார், அந்த வேஷத்துக்கு நேர் எதிராக ஒரு ஆசையும் கொடுத்திருக்கிறார். பிக்கு நாகசேனனுக்கு ஒரு பெரிய சந்தேகம். தங்க மாளிகை, படுக்க மெத்தை, சாப்பாடு, வெற்றிலை, மெல்லிய துணி இதையெல்லாம் அனுமதித்த கருணைமிக்க புத்தர், பெண்ணையும் கள்ளையும் மட்டும் எப்படி விட்டிருப்பார்? நிச்சயம் சொல்லியிருப்பார். பொறாமை பிடித்த கிழட்டு பிக்குகள்தான் இளவட்டங்கள் அனுபவிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்க வேண்டும்! அதனால் திருத்தப்படாத மூல நூலைக் கண்டுபிடிக்கப் போகிறானாம். ஒரு பெரிய ஆராய்ச்சி மாணவனின் ஆர்வத்தோடு இதைச் சொல்கிறான்.

அவன் தன்னை அயோக்கியன் என்று நினைக்கவில்லை என்பதுதான் முக்கியம். அயோக்கியத்தனத்துக்குத் தர்க்கம் தேடுகிறான். தர்க்கம் தேடுகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். காரணம், நாமும் தினமும் அதைத்தான் செய்கிறோம். பரீட்சைக்கு முந்தின நாள் படம் பார்ப்பதற்கு 'மைண்ட் ஃப்ரீயா இருக்கணும்' என்று சொல்லிக்கொள்பவன் நாகசேனனுக்குத் தம்பிதான்.

காபாலிகனும் சளைத்தவன் இல்லை. போதையில் தேவசோமாவை 'சோமதேவா' என்று மாற்றிக் கூப்பிட்டுவிடுகிறான். யார் அந்த சோமதேவா என்று அவள் சண்டைக்கு வர, பழியைக் குடியின் மேல் போட்டு, இன்றோடு குடியை விட்டேன் என்று சபதம் செய்கிறான். உடனே அவள் பதறிக் காலில் விழுகிறாள். எதற்கு? என்னால் உங்கள் தவம் கெட வேண்டாம், குடியை விடாதீர்கள் என்று! எந்த வீட்டிலும் நடக்கும் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஏணி. சண்டை ஒரே உயரத்தில் நின்றால் ரசிகன் கொட்டாவி விடுவான். 'எங்கே கபாலம்' என்று ஆரம்பிக்கிறது. பிறகு பாத்திரத்தைக் காட்டு என்கிறான். காட்டினால் அது கறுப்பு, கபாலமோ வெள்ளை. விஷயம் முடிந்துவிட்டது இல்லையா? முடியாது. வண்ணத்தை மாற்றிவிட்டான் கள்ளன் என்கிறான் காபாலிகன். ஆதாரம் எதிராக வந்தால் ஆதாரத்தையே குற்றமாக்குவது. இன்றைக்கும் டீக்கடையில் பார்க்கலாம். தேவசோமா பிக்குவின் தலைமுடியைப் பிடிக்கப் பாய்கிறாள். மொட்டை! பிடி கிடைக்காமல் விழுகிறாள். மொட்டையடிக்கச் சொன்ன புத்தர் எவ்வளவு தீர்க்கதரிசி என்று பிக்கு வியக்கிறான். பாவம் என்று அவளைக் கைதூக்கி விட்டால், என் துணைவியின் கையைப் பிடித்துப் பாணிக்கிரகணம் செய்கிறான் பாருங்கள் என்று காபாலிகன் ஊரைக் கூட்டுகிறான். நல்லது செய்யப் போய் கேஸ் இன்னும் மோசமாகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தின படியிலிருந்துதான் அடுத்தது வருகிறது. வெளியிலிருந்து ஒரு ஜோக்கைக் கொண்டுவந்து செருகவில்லை.

பஞ்சாயத்துக்கு வரும் பாசுபதனும் சும்மா ஆள் இல்லை. அவனுக்கு ஒரு பெண் விஷயத்தில் பிக்கு மேல் பழைய கடுப்பு. நடுவர் நாற்காலியில் நடுநிலை இல்லாதவனை உட்காரவைத்தால் சீன் தானாக ஓடும்.

நாலாவது சமாச்சாரம் கணக்கு. நாய் என்ற சொல் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? காபாலிகனே அதைச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் பிக்குவைப் பார்த்ததும் மறந்துவிடுகிறான். பார்ப்பவன் மறப்பதில்லை. பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கும்போது அவன் மனசுக்குள் ஒரு நாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் நாய் வாயிலிருந்த கபாலம் வரும்போது 'அட, நினைச்சேன்' என்கிறான். டெபிட் முதல் பக்கம், கிரெடிட் கடைசிப் பக்கம். டேலி ஆகாத காமெடியில் கடைசி சீனில் திடீரென்று போலீஸ் வரும், அல்லது எல்லாரும் சேர்ந்து குத்தாட்டம் போடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பைத்தியக்காரனை வைத்துச் சிரிக்க வைப்பது அன்றைக்குச் செல்லுபடியானது, இன்றைக்கு அதே மாதிரி எழுதினால் நெருடும், நெருடவும் வேண்டும். ஆனாலும் இவ்வளவு அறிவாளிகள் சண்டை போடும் இடத்தில் பொருள் அவன் கையில்தான் இருக்கிறது. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் விடையோடு வருவது என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பகடி. கள்ளுக்கடையை காபாலிகன் வர்ணிக்கும் இடம் இந்த நாடகத்தின் உச்சம். அவன் கண்ணுக்கு அது யாகசாலையாகத் தெரிகிறது. கடைக் கம்பம் யூபஸ்தம்பம், கள் சோமரசம், குடிகாரர்கள் ரித்விக்குகள், அவர்கள் பாட்டு சாமகானம், வறுவல் ஹவிஸ், தாகம்தான் அக்னி, கடை முதலாளி எஜமான். ஒவ்வொன்றாக, ஒரு தவறும் இல்லாமல் பொருத்திக்கொண்டே போகிறான். பகடிக்கு ரகசியம் இந்தத் துல்லியம்தான். எதைக் கிண்டல் செய்கிறோமோ அதை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே ஊர்க்காரர் ஒருவர் பின்னாளில் சினிமாவுக்கு எழுத வந்தார். 1909ல் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை. அவர் எழுத்தில் 1949ல் வந்த 'நல்லதம்பி'க்கு ஹீரோ யார் தெரியுமா? காமெடியன் என்.எஸ்.கிருஷ்ணன். அந்தப் படத்தில் வரும் கலைவாணரின் 'கிந்தனார்' காலட்சேபம் இதே டெக்னிக். நந்தனார் சரித்திரத்தின் அதே காலட்சேப வடிவம், அதே பக்தி பாவம், உள்ளே மட்டும் படிக்க ஆசைப்படும் ஒரு தாழ்த்தப்பட்ட பையனின் கதை. கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து ஸ்கூல் இன்ஸ்பெக்டராகிறான். காலட்சேபத்தின் ஒரு அசைவுகூடத் தப்பாமல் செய்ததால்தான் அந்த மாற்றம் சுருக்கென்று குத்துகிறது. பிற்பாடு விஜய் டிவி 'லொள்ளு சபா'வில் ஹிட் படங்களைப் பிரித்து மேய்ந்தார்களே, அதில் நன்றாக வந்த எபிசோடுகளும் அப்படித்தான். ஒரிஜினல் படத்தின் கேமரா ஆங்கிளைக்கூட மனப்பாடம் செய்தவர்கள் எழுதியது போல இருக்கும்.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. தியேட்டரில் ஆள் இருட்டில் உட்கார்ந்திருப்பான், எங்கேயும் போகமாட்டான். டிவிக்கு முன்னால் இருப்பவர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார், நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அரை மணி நேரம் என்று பெயர், விளம்பரம் போக இருபத்துச் சொச்ச நிமிடம்தான். அதனால் தொலைந்த பொருளின் பெயர் அடிக்கடி வசனத்தில் வர வேண்டும். பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கும் எதற்குச் சண்டை என்று அரை நிமிடத்தில் புரிய வேண்டும். விளம்பரத்துக்கு முன்னால் ஏணியில் ஒரு படி ஏறிவிட்டு நிறுத்த வேண்டும். 'கபாலம், கபாலம்' என்று மூச்சுக்கு மூச்சு அலறும் சத்தியசோமனை இன்றைக்கு ஏதாவது ஒரு சேனலில் இறக்கிவிட்டாலும் பிழைத்துக்கொள்வான்.

கேட்பவனையும் எழுத வேண்டும் என்பதை 'காதலிக்க நேரமில்லை' (1964) பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் சீன். பேசுவது முழுக்க நாகேஷ். நாம் பார்ப்பது முழுக்க பாலையாவின் முகம். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் பாலையாவுக்கு அங்கே பக்கம் பக்கமாக வசனம் வைத்திருந்தால் சீன் செத்திருக்கும். பயப்படுவதற்கு இடம் விட்டார்கள். ஸ்கிரிப்டில் 'இவர் பேசவில்லை, பயப்படுகிறார்' என்று எழுதுவதும் எழுத்துதான்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். யாரைப் பார்த்துச் சிரிப்பது?

தமிழ் காமெடி ட்ராக்கில் நிறம், பல், உடம்பு, சொட்டை என்று ஒருத்தரின் உருவத்தை வைத்துச் சிரித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. இதே கவுண்டமணி செந்தில் சீன்களில் பாதியை இன்று பார்த்தால் வாழைப்பழம் அளவுக்கு நிற்பதில்லை. பழம் நிற்கிறது, தலையில் அடித்ததும் நிறத்தைச் சொன்னதும் நிற்கவில்லை. கல்லூரி ஸ்கிட்டிலும் சுலபமாக வருவது இதுதான். வகுப்பில் குண்டாக இருப்பவனை மேடையேற்றினால் கைதட்டல் நிச்சயம். அவனும் சிரிப்பான். அன்று ராத்திரி ஹாஸ்டலில் அவன் எப்படி இருந்தான் என்பது ஸ்கிரிப்டில் வராது.

மகேந்திரவர்மர் கிண்டல் செய்தது மூன்று மதப் பிரிவுகளை, அதுவும் அவரவர் கொள்கைக்கும் நடத்தைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை. அதோடு அவர் நிறுத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம். சண்டை முற்றியதும் பாசுபதன், இது நம்மால் ஆகாது, நீதிமன்றத்துக்குப் போவோம் என்கிறான். தேவசோமா உடனே, அப்படியானால் கபாலத்துக்கு ஒரு கும்பிடு என்கிறாள். பல விகாரைகளின் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பிக்கு அதிகாரிகள் வாயை நிரப்பிவிடுவான், பாம்புத் தோலும் சாம்பலும் மட்டுமே சொத்தாக உள்ள ஏழைக் காபாலிகனின் ஆட்களுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்கிறாள். பாசுபதன் மறுத்துப் பேசுகிறான், ஆனால் வார்த்தை விழுந்துவிட்டது. இது எந்த நீதிமன்றம்? காஞ்சி நீதிமன்றம். யாருடையது? எழுதியவருடையது! லஞ்சம் வாங்கும் அதிகாரிகள் அவர் சம்பளம் கொடுக்கும் அதிகாரிகள். கேட்பது ஒரு குடிகாரப் பெண்.

அதைவிடப் பெரிய விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. 'மத்தவிலாசன்' என்பது மகேந்திரவர்மரின் சொந்தப் பட்டப்பெயர்களில் ஒன்று. குடிகாரக் கூத்துக்கு ராஜா தன் பெயரையே வைத்திருக்கிறார்! அடுத்தவர் வீட்டு ஓட்டையைக் காட்டுவதற்கு முன்னால் தன் வேட்டி கிழிசலைக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் யாரைக் கிண்டல் செய்தாலும் வன்மமாகத் தெரிவதில்லை. கடைசியில் காபாலிகனும் பிக்குவும் ஒருவரிடம் ஒருவர் சமாதானமாகித்தான் போகிறார்கள்.

சரி, தியரி போதும். சாம்பிளுக்கு ஒன்று கட்டிப் பார்ப்போம். இடம், இன்றைய காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்யும் ஒரு தறிக்காரர் வீடு. முதலாளி பட்டு நூலும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார், முடிந்த சேலையையும் எடை போட்டு வாங்குவார், குறைந்தால் கூலியில் பிடிப்பு. நாளைக்குச் சேலை கொடுக்க வேண்டும். ஒரு ஜரிகைக் கட்டையைக் காணோம். பார்ப்பவனுக்கு அது கொஞ்சம் நூல், அவருக்கு ஒரு மாதச் சோறு. ஆக, தொலைந்த பொருள் ரெடி.

முதல் சீனிலேயே வீட்டுக் குழந்தை களிமண் பிள்ளையார் செய்துகொண்டிருக்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நெசவாளருக்கு எதிர்வீட்டு நெசவாளர் மேல் சந்தேகம். காரணம், அந்த ஆள் காலையிலிருந்து எதையோ துண்டுக்குள் மறைத்துக்கொண்டே நடக்கிறார். (உள்ளே இருப்பது பிரியாணிப் பொட்டலம். வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை விரதம்!) சண்டை ஏணி ஏறுகிறது. பஞ்சாயத்துக்கு யார்? முதலாளியைப் போட்டால் அவர் வில்லனாகிவிடுவார், காமெடி போய்விடும். தரகரைப் போடலாம், ஆனால் பழைய ரூட்.

மகேந்திரவர்மர் வழியில் போனால், எழுதுகிறவன் தன் ஆளையே அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அதனால் நடுவர், தெருவிலேயே படித்த பி.காம். பையன். கையில் கால்குலேட்டர். எடை, வேஸ்டேஜ், தேய்மானம் என்று பேசிப் பேசி, ஜரிகை தொலையவே இல்லை, அது 'அன்ரியலைஸ்டு லாஸ்' என்று தீர்ப்பு சொல்கிறான். இரண்டு நெசவாளர்களும் முதல்முறையாக ஒற்றுமையாகி அவனை முறைக்கிறார்கள். அந்த நேரம் குழந்தை பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பிள்ளையார் தோளில் பளபளவென்று ஜரிகைப் பூணூல், எண்ணினால் நாற்பது சுற்று. தராசில் வைத்தால் எடை சரி. களிமண் ஒட்டியதால் ஒரு கிராம் அதிகம்கூட. அந்த ஒரு கிராமை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பையன் தலையைச் சொறிகிறான்.

இதில் தனியாக உருவி எடுக்கிற ஜோக் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவும். எழுதும்போது கைதானாக இரண்டு மூன்று ஜோக்கைச் செருகும், அது வேறு.

அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. எழுதி முடித்ததும், நடிக்கப் போகாத ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. நண்பன் வேண்டாம், அவன் பாவம் பார்த்துச் சிரிப்பான். படிக்கும்போது முகத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லையென்றால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. விளக்கம் சொல்லக் கூடாது. மறுநாள் காலையில் கோடு விழுந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், முந்தின ராத்திரி எழுதியவரே விழுந்து விழுந்து சிரித்த ஜோக்கெல்லாம் அங்கேதான் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.